யாருடையதும் அல்லாத நிறம்: விற்கப்போகும் ஒரு வீட்டை முன்வைத்து

1

'அரை வெள்ளை அடிச்சுடுங்க தம்பி. எவன் வந்து பார்த்தாலும் அவன் வீடாட்ட இருக்கணும்' என்றார் புரோக்கர். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் தறிவீட்டை விற்றுவிடுவது என்று அக்காவும் நானும் முடிவுசெய்த மூன்றாம் நாள் அது. மூலப்பத்திரம் கேட்டார், வில்லங்கம் போட்டாச்சா என்றார், பட்டா யார் பேரில் என்றார். பிறகு, நான் பெயிண்ட் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஷேடு கார்டை விரித்து, கடைசி மடிப்பின் கீழ்வரிசையைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அங்கே ஏழெட்டுக் கட்டங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. 'இதுல எது அடிச்சாலும் சரி' என்றார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமாச்சாரத்தை இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். நாம் கவிதையை வாசிக்கிறோம், சினிமாவை வாசிக்கிறோம், அரசாணைகளையும் சாதிச்சங்க மலர்களையும்கூடப் பிரதிகளாகக் கொண்டு வாசித்துப் பழகியிருக்கிறோம். ஷேடு கார்டை நான் அதுவரை வாசித்ததில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரத்தில்தான், அதிகாரம் பற்றி இவ்வளவு காலம் எழுதியவன் ஒரு புரோக்கரின் பேனாமுனைக்குச் சொன்ன இடத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன் என்பது உறைத்தது. அந்தத் தலையாட்டலைப் பற்றியது இக்கட்டுரை.

வீட்டின் நிறங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்கூடம் ஓட்டுக்கூரை. அங்கேதான் குழித்தறி இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலப்பொடி கலந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்து அடித்து, சுரண்டினால் அடுக்கடுக்காக வரும். பிற்பாடு சேர்த்துக் கட்டிய மொட்டைமாடி அறைக்குக் கிளிப்பச்சை டிஸ்டெம்பர். சமையலறை ஒருகாலத்தில் மஞ்சளாக இருந்தது. வாசல்கதவு மயில்கழுத்து எனாமல். அப்பா நெய்த ஒரு சேலையின் பார்டர்த் துண்டைக் கடைக்கு எடுத்துப்போய், இதே மாதிரி கலந்து கொடு என்று நின்று வாங்கி வந்தது. கதவின் நிலைக்குக் கறுப்பும் சிவப்புமாக இரண்டு கோடு. எழுபதுகளில் என் மாமா ஒருவர் போட்ட கோடு. பிறகு அதன்மேலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டோம்.

இதில் எதுவுமே தேறாது என்றார் புரோக்கர்.

2

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்களை அன்று இரவே எழுதிவைத்தேன்.

பச்சை: 'பாய் வீடுன்னு நெனச்சுக்குவாங்க.' நீலம்: 'அந்த நீலமெல்லாம் வேண்டாம் தம்பி, ஏன்னு உங்களுக்கே தெரியும்.' நிலையில் இருந்த கறுப்பு சிவப்பு: 'கட்சிக்காரன் வீடாட்ட இருக்குது.' அப்படியானால் காவி? 'அதுவும் இப்பக் கட்சிதானுங்களே.' மஞ்சள்: 'அந்தக் காலத்து வீடுன்னு காட்டிக் குடுத்துரும்.' முன்கூடத்துச் சுண்ணாம்பு: 'தறிக்காரன் வீடுன்னு எழுதி ஒட்டின மாதிரி.'

இந்தப் பட்டியலில் எந்தக் காரணமாவது வெளிச்சத்தைப் பற்றியது என்றோ, அறையின் அகல நீளத்தைப் பற்றியது என்றோ, அழகைப் பற்றியது என்றோ சொல்ல முடியுமா? எல்லாமே ஆட்களைப் பற்றியவை. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் அவர் ஒரு தெருவைப் பார்க்கிறார். முஸ்லிம் தெரு, சேரி, கட்சி ஆபீஸ், தறிக்குடி. வாங்க வருகிறவன் எந்தத் தெருவில் குடியிருக்க விரும்ப மாட்டானோ அந்தத் தெருவின் நிறத்தை ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சுவதுதான் அரை வெள்ளை. நடுநிலை நிறம் என்று நாம் சொல்வது ஒரு கழித்தல் கணக்கின் மீதி. மீதியை மட்டும் பார்க்கிறவனுக்கு, கழிக்கப்பட்டவர்கள் யார் என்பது தெரியாது. அதுதான் அந்த நிறத்தின் சௌகரியம்.

இது சேலத்தில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்த ஊரில். அமங்கலம் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பைச் சட்டையாகவும் கொடியாகவும் ஆக்கியது அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளின் வேலை. நிறத்தை எடுத்து 'இது நான்' என்று சொல்வது நம் அரசியலின் முக்கியமான ஒரு செயலாக இருந்திருக்கிறது. கறுப்பு அப்படி வந்தது, நீலம் அப்படி வந்தது. வீட்டுச் சந்தையோ 'இது நான்' என்று எந்தச் சுவரும் சொல்லக்கூடாது என்கிறது. சொன்னால் விலை குறையும்.

வெள்ளைக்கு ஒரு கோட்பாட்டு வரலாறும் உண்டு. 1925இல் லெ கொர்பூசியே, ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டுத் திரைச்சீலைகளையும் சுவர்த்தாள்களையும் எடுத்தெறிந்துவிட்டு ரிப்போலின் என்ற வெள்ளைப் பெயிண்டை அடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமே கற்பனை செய்தார். அழுக்கு மறைய மூலையே இருக்காது, வீடு சுத்தமானால் உள்ளமும் சுத்தமாகும் என்பது அவர் கட்சி. அந்த வெள்ளை குடியிருப்பவனைத் திருத்த வந்த வெள்ளை. புரோக்கரின் அரை வெள்ளைக்கு அப்படி ஒழுக்கநெறி எதுவும் கிடையாது. குடியிருந்தவனே இல்லை என்று காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. வசிப்பது என்றால் தடம் பதிப்பது என்று வால்டர் பெஞ்சமின் கருதினார். விற்பது என்றால் தடம் அழிப்பது. பயன்மதிப்பு பரிவர்த்தனை மதிப்பாக மாறும்போது சரக்கில் உழைப்பின் அடையாளம் மறைந்துபோகிறது என்று மார்க்ஸ் சொன்னதை வகுப்பெடுத்திருக்கிறேன். அது ரோலரும் கையுமாக நடக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

இந்த வேலை அமெரிக்காவில் தனித் தொழிலாகவே இருக்கிறது. விற்பதற்கு முன் வீட்டை ஒரு நாடக மேடைபோல அலங்கரித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜில்லோ என்ற வீட்டுச் சந்தை நிறுவனம், விற்ற வீடுகளின் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு, குளியலறை இளநீலமாக இருந்தால் 5,440 டாலர் கூடுதல் என்று 2017இலும், வாசல்கதவு கறுப்பாக இருந்தால் 6,271 டாலர் கூடுதல் என்று 2018இலும் சொன்னது. இங்கே நிறம் வெறும் எண். யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள் என்பதே கணக்கில் இல்லை. ஆனால் அதே நாட்டில், கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் 2020இல் நடந்தது வேறு. ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை மதிப்பிட வந்தவர் 9,95,000 டாலர் என்று போட்டார். சில வாரம் கழித்து அவர்கள் தங்கள் குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைக்கார சிநேகிதியின் படங்களை வைத்து, அவரையே வீட்டுக்காரியாக நிற்கவைத்தார்கள். வேறொருவர் வந்து மதிப்பிட்டார்: 14,82,500 டாலர். வழக்குப் போட்டு, 2023இல் சமரசத்தில் முடிந்தது. சுவர் அதே சுவர். சுவர் யாருடையது என்ற தகவலுக்கு மட்டும் ஐந்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான விலை. எங்கள் புரோக்கர் ஜில்லோவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மரின் சிட்டியைக் கேள்விப்படாமலேயே அவருக்குத் தெரியும்.

இதற்கு நேரெதிர் மாதிரித் தோன்றும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னைக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரில், 2020 தொடக்கத்தில் ஒரு கலை அமைப்பும் மாநகராட்சியும் ஒரு பெயிண்ட் நிறுவனமும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பலமடங்கான ஓவியங்களை வரைந்தன. நல்ல ஓவியங்கள்தான். குடியிருப்பவர்களில் பலருக்கு அதில் சந்தோஷமும் இருந்திருக்கும். என் கேள்வி வேறு: விற்க வேண்டிய வீட்டில் ஒரு துளி நிறம் இருக்கக்கூடாது என்கிற அதே காலம், ஏழைகளைக் குவித்துவைத்த சுவரில் எல்லா நிறத்தையும் எப்படித் தாராளமாகப் பூசுகிறது? அடையாளமின்மை என்பதும் ஒரு சொத்து. சிலர் அதை விலைகொடுத்து வாங்குகிறார்கள். சிலர்மேல் அடையாளம் வெளியிலிருந்து பூசப்படுகிறது.

3

பெயிண்டர் வந்தார். முன்கூடத்துச் சுவரில் கையை வைத்துவிட்டு, 'இது எமல்ஷன் புடிக்காதுங்ணா. ஓதம் ஏறியிருக்குது, பாருங்க உப்புப் பூத்திருக்கு' என்றார். பட்டி பார்த்து ப்ரைமர் போட்டு அடித்தால் ஆறு மாசம் தாங்கும், அதற்குள் விற்றுவிடுவீங்களா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தொழில்முறைக் கேள்வி.

சுண்ணாம்புக்கும் எமல்ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொல்லித்தான் நான் ஒழுங்காக யோசித்தேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு திரும்பக் கல்லாகிறது. அது சுவரின்மேல் படிந்த தோல் இல்லை, சுவரோடு சேர்ந்துவிட்ட கல். ஈரம் அதன் வழியே வந்து போகும். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, காயக் காயத்தான் வெளுக்கும். எமல்ஷன் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக் படலம். பின்னாலிருந்து வரும் ஈரத்துக்கு வழிவிடாது. தண்ணீரோடு ஏறிவந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, அதைத் தள்ளிக்கொண்டு கொப்பளமாகக் கிளம்பும்.

பெயிண்ட் தொழிலில் மறைப்புத்திறன் என்று ஒரு அளவு உண்டு. அடியில் இருப்பதை எத்தனை கோட்டில் மறைக்கும் என்பது. வெள்ளை நிறமி ஒளியை வளைக்கும் அளவுக்கும் அதைப் பிடித்துவைக்கும் பசை வளைக்கும் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மறைக்கும். பசை ஏறத்தாழ 1.5, சுண்ணக்கல் தூள் 1.6. அதனால் சுண்ணக்கல் தூள் பசையில் கலந்தால் அடியில் இருப்பது தெரியும். டைட்டானியம் டை ஆக்சைடு 2.7. இரண்டே கோட்டில் எந்தப் பச்சையும் காணாமல் போகும். அரை வெள்ளைக்கு உயிர் இந்தத் தூள்தான். அதன் மூலம் இல்மனைட் என்ற கறுப்பு மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரையிலிருந்து அள்ளிப் பிரிக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1946இல் தொடங்கிய நிறுவனம் அந்த மணலிலிருந்து வெள்ளைத்தூள் எடுக்கிறது. மீனவர்களின் கரையிலிருந்து வந்த கறுப்பு மணல், யாருடையதும் அல்லாத வெள்ளையாகி, ஒரு நெசவாளியின் சுவரை மறைக்க வருகிறது.

எதை மறைக்க? முன்கூடத்தில் ஓதம் இருந்ததற்குக் காரணம் தறிக்குழி. குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்துத்தான் நெய்ய வேண்டும். மண்ணின் ஈரம் குழியிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும், பாவு இழை அறாமல் இருக்க அந்த ஈரம் தேவை. ஜன்னலும் சிறிசாகத்தான் வைப்பார்கள். எங்களுக்கு எது தொழிற்கூடத்தின் தேவையோ அது வாங்க வருகிறவருக்கு வீட்டின் குறை. அப்பாவுக்கு முழங்கால் வலியும் இழுப்பும் அந்த ஈரத்திலிருந்துதான் வந்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தறிக்குழியை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் அதில் கால் வைத்து உட்கார்ந்ததில்லை.

பெயிண்டரின் உடம்பும் இதில் இருக்கிறது. மயில்கழுத்துக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பறந்த தூளை அவர் துண்டால்கூட மூடாமல் சுவாசித்தார். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவு அதற்கு எத்தனையோ வருடம் முந்தியது. முகத்துக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லித் துண்டு கொடுத்தேன். 'பழகிப்போச்சுங்ணா' என்றார். பழைய நிறத்தை அழிக்கிற செலவில் இது எந்தக் கணக்கிலும் வராது.

4

ஷேடு கார்டின் மொழிக்கு வருவோம். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வெளிர் நிறங்களின் பெயர்கள் ஒரே குடும்பம்: தந்தம், முத்து, பாலாடை, கடற்கரை மணல், மலைப்பனி. ஆங்கிலத்தில் இருக்கும். யாரும் வேலை செய்யாத, யாரும் குடியிருக்காத இடங்களின் பெயர்கள். வியர்வை படாத பொருள்கள். தந்தத்தில்கூட யானை இல்லை.

அம்மாபேட்டையில் புழங்கிய நிறப்பெயர்கள் வேறு. அரக்கு, மாந்தளிர், கனகாம்பரம், வாடாமல்லி, கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, மயில்கழுத்து, பொன்வண்டு, கிளிப்பச்சை. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய சேலையின் நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ. ஒவ்வொன்றும் ஒரு பூ, ஒரு பூச்சி, ஒரு ஆள். சாயக்காரரும் நெசவாளரும் இந்தப் பெயர்களை வைத்துத்தான் கணக்குத் தீர்த்தார்கள். அரக்குக்கும் மிளகாய்ப்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கூலி பிடித்தம். வெள்ளைக்கும் எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. வேட்டியின் வெண்மை அழுக்குப்படாமல் தறியிலிருந்து இறங்குவது கைத்திறன். அந்த வெள்ளை ஒரு ஆளின் வேலை. கார்டில் இருக்கும் வெள்ளையோடு அதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது ஏக்கக் கட்டுரை ஆகிவிடும். நம் நிறங்கள் இழக்கப்பட்டன, சந்தை அழித்தது என்று முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிக்க எனக்கு உரிமையில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வந்து நாமக்கல் பக்கம் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றுக்குச் சாயப்பட்டறைகள் என்ன செய்தன என்பது எல்லாருக்கும் தெரியும். பையனாக இருந்தபோது ஆற்றைப் பார்த்தே இன்றைக்கு எந்தச் சாயம் போட்டார்கள் என்று சொல்லிவிடுவோம். அது ஒரு விளையாட்டு. அந்தத் தண்ணீரைக் கீழே பாய்ச்சிய விவசாயிக்கு விளையாட்டில்லை. எங்கள் கனகாம்பரமும் வாடாமல்லியும் அவர் வயலில் போய்ச் சேர்ந்தன.

இன்னொன்று. எங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் படித்தேன். செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, இப்படிப் போகிறது: இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு. ஒவ்வொரு இன்னாருக்கும் சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறது. நான்கு பக்கமும் ஒரே சாதி. தெருவே ஒரே சாதி. தெருவுக்குள் வேற்று ஆளுக்கு விற்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்ட தெரு. என் தாத்தா அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தவர். எங்கள் கிளிப்பச்சையும் நீலச் சுண்ணாம்பும் வெள்ளந்தியான நிறங்கள் இல்லை. 'இது எங்க தெரு' என்று சொன்ன நிறங்கள். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பின் ஒவ்வொரு அடுக்கிலும் அந்தப் பேச்சும் இருக்கிறது.

5

இங்கேதான் நண்பர் ஒருவரோடு சண்டை வந்தது. அவர் தலித் இயக்கத்தில் நீண்டகாலமாக இருப்பவர். நான் மேலே எழுதியதையெல்லாம் சொல்லிக் கொந்தளித்தபோது சிரித்தார். 'உனக்கு உன் வீட்டுப் பச்சை போகுதேன்னு இருக்கு. அரை வெள்ளை எனக்கு நல்லதுதான். அந்தத் தெருவுல உங்க சாதி அடையாளம் இருக்கிற வரைக்கும் நான் உள்ள வர முடியாது. சுவர் யாருதும் இல்லேன்னா, காசு இருக்கிற எவனும் வாங்கலாம் இல்ல? சந்தை என்னைப் பேர் கேக்காது. உங்க தெரு கேட்டுச்சு.'

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊரின் நெருக்கத்தைவிட நகரத்தின் அநாமதேயம் மேல் என்பது அம்பேத்கர் வழிவந்த ஒரு முக்கியமான புரிதல். தடம் அழிப்பது சிலருக்கு இழப்பு, சிலருக்கு விடுதலை. நான் கொஞ்சநாள் இதை ஒப்புக்கொண்டிருந்தேன். அரை வெள்ளையும் அடித்து முடித்தாயிற்று. தறிக்குழியை மண்போட்டு மூடி, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டியாயிற்று. வீடு எடுப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு குடும்பம் பார்க்க வருவதாக இருந்தது, வரவில்லை. பத்து நாள் கழித்து வேறு பேச்சின் நடுவே புரோக்கரே சொன்னார். ரயில்வேயில் வேலை பார்ப்பவராம். விலையும் அதிகம் பேசவில்லையாம். போனில் சொந்த ஊர் எது என்று கேட்டாராம். ஊரைச் சொன்னதும், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாராம். பதில் வந்த விதத்திலேயே புரிந்துகொண்டு, வீடு பேசி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். 'நம்ம தெருவுக்கு ஆகாது தம்பி. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க உங்களைத்தான் பேசுவாங்க.'

ஆக, சுவர் யாருடையதும் இல்லை. வாங்க வருகிறவர் மட்டும் யார் என்று சொல்லியாக வேண்டும். நிறத்தில் கழித்த அதே பட்டியல் போனில் ஆளைக் கழிக்கிறது. நண்பரின் வாதம் பிழைபட்ட இடம் இதுதான்: அரை வெள்ளை விற்பவனின் அடையாளத்தை மட்டும் மறைக்கிறது, தெருவின் கதவைத் திறக்கவில்லை. முன்பு தெருவே வெளிப்படையாக, எங்கள் ஆளுக்குத்தான் என்றது. இப்போது எவன் வந்தாலும் என்று சுவர் சொல்ல, எவன் வரலாம் என்பதை ஒரு போன்கால் முடிவுசெய்கிறது. பழைய விலக்கல் செக்குபந்தியில் எழுதப்பட்டிருந்தது, எடுத்துக்காட்டிச் சண்டைபோட முடிந்தது. புதிய விலக்கலுக்குக் கிரயப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூடச் சாட்சி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கப்போனால் அங்கும் பெரிய ஆறுதல் இல்லை. குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் வீடு விற்பதில் நிறவேறுபாடு பார்ப்பதைக் குற்றமாக்கியது. அதற்கப்புறமும் மரின் சிட்டி நடந்தது என்பது வேறு. ஆனால் அங்கே வழக்குப் போட ஒரு சட்டம் இருந்தது. இங்கே அந்த ரயில்வேக்காரர் யார்மேல், எதைக் காட்டி வழக்குப் போடுவார்?

புரோக்கரிடம் நம்பரைக் கேட்டு வாங்கி அவருக்குப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன், வீடு இன்னும் இருக்கிறது என்றேன். வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். 'பரவால்லைங்க சார். அந்தப் பக்கம் ஒரு நாள் போனப்ப வெளியில இருந்து பார்த்தோம். பளிச்சுன்னு இருந்துச்சு வீடு' என்றார். போனை வைத்தபிறகு அந்தப் பளிச்சுக்கு இரண்டு கோட்டுக் கூலி கொடுத்தவன் நான் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. கழித்தல் கணக்கைப் போட்டவர் புரோக்கர். மீதியைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் ஏற்றியவன் நான். என்னைக் கேட்காமல் அவர் போனில் அப்படிச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் நீலம் வேண்டாம் என்று முதல்நாள் அவர் சொன்னபோது, உங்களுக்கே தெரியும் என்றார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தலையாட்டினேன்.

வீடு இன்னும் விற்கவில்லை. பெயிண்டர் சொன்னபடி முன்கூடத்தில் உப்புக் கிளம்பிவிட்டது. டைல்ஸுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு அரை வெள்ளை கொப்பளம் கொப்பளமாக நிற்கிறது. தட்டினால் உதிர்ந்து உள்ளேயிருக்கும் நீலச் சுண்ணாம்பு தெரிகிறது. ஓதத்தைத் தடுக்கிற கெமிக்கல் ஒன்று வந்திருக்கிறது, அதை அடித்துவிட்டு மறுபடி எமல்ஷன் போடலாம் என்கிறார் புரோக்கர். நான் அந்த அறையைச் சுரண்டிச் சுண்ணாம்பே அடிப்பது என்றும், பார்க்க வருகிறவர்களிடம் குழி இருந்தது, ஓதம் ஏறும் என்று சொல்லிவிடுவது என்றும், போனில் ஊர் கேட்கிற புரோக்கர் வேண்டாம், வாசலில் நானே நம்பர் எழுதி போர்டு வைப்பது என்றும் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பெண்ணுக்கு இந்த வருடம் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். 'உன் கொள்கைக்கு என் பங்கையும் சேர்த்தா வெக்கிறே?' என்று கேட்டாள். நியாயமான கேள்வி. குறைகிற பணம் எவ்வளவானாலும் என் பாதியில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் கோபம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் நண்பர்களில் வீடு விற்றவர்கள், வாங்கியவர்கள், வாடகைக்கு அலைந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் என்ன கேட்டார்கள், உங்கள் சார்பில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதை எழுதுங்கள். நிறத்தைப் பற்றி ஏராளமாகப் பேசிவிட்டோம். அந்தப் போன்காலைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. எழுதாததற்குக் காரணம், நம்மில் பலருக்கு அந்தக் கேள்வி ஒருபோதும் கேட்கப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்.